டீச்சர் என்ன தப்புப் பண்ணுனாக?

2021 மே 11. இரண்டாம் ஊரடங்கு தொடங்கிய மறுநாள். பேரையூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் மட்டும்தான் அலைபேசிக்கு ஒழுங்காகச் சிக்னல் கிடைக்கும். வேப்பமர நிழல் விழும் மூலையில் உட்கார்ந்து, முகம் காட்டாத நாற்பது மாணவிகளுக்குக் குறுந்தொகை நடத்திக்கொண்டிருந்தேன். கீழே அத்தை தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினாள். இன்னும் கூட்டினாள். வகுப்பை முடித்துக்கொண்டு இறங்கிப் போனால் மலையாளச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது.

"கௌரியம்மா போயிட்டாக தாயி."

அப்பாவின் தங்கை அவள். 1979-இல் கல்யாணம் முடிந்து மூணாறு தேயிலைத் தோட்டத்துக்குப் போனவள். முப்பத்தெட்டு வருஷம் கொழுந்து கிள்ளினாள். ஓய்வு பெற்றதும் லயத்து வீட்டைக் காலி செய்து கொடுக்க வேண்டியிருந்தது. இரண்டு டிரங்குப் பெட்டி, ஒரு தையல் மிஷின், சர்க்கரை வியாதி ஆகியவற்றோடு எங்கள் காலனித் தெருவுக்கே திரும்பி வந்து சேர்ந்தாள். மாமா அதற்கு முன்பே போய்விட்டார். ஊருக்கு வந்த பிறகும் மலையாளச் செய்தி கேட்காமல் அவளுக்குப் பொழுது விடியாது. அங்கே நடக்கும் அரசியலை உசிலம்பட்டிச் சந்தை விலை போலப் பேசுவாள்.

சரியாக ஒரு வாரம் கழித்து, மே 18-ஆம் தேதி, அதே தொலைக்காட்சியில் இன்னொரு செய்தி. பினராயி விஜயனின் புதிய அமைச்சரவையில் கே.கே. சைலஜா இல்லை. 2018-இல் நிபா வைரஸ் வந்தபோதும், அதற்குப் பின் கொரோனா வந்தபோதும் கேரளத்தின் சுகாதார அமைச்சராக நின்றவர். அந்தத் தேர்தலில் மட்டன்னூர் தொகுதியில் 60,963 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தவர். கேரளச் சட்டமன்றத் தேர்தல் வரலாற்றிலேயே அவ்வளவு பெரிய வித்தியாசம் அதுவரை யாருக்கும் கிடைத்ததில்லை. பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தவர் என்பதால் எல்லாருக்கும் அவர் டீச்சர்.

அத்தை என்னிடம் கேட்டாள். "டீச்சர் என்ன தப்புப் பண்ணுனாக?"

"தப்பெல்லாம் ஒண்ணுமில்லத்தே. அது கட்சி முடிவு."

"கட்சின்னா யாரு?"

முனைவர் பட்டம் வாங்கியவள், பெண்ணெழுத்து பற்றிக் கருத்தரங்குகளில் பேசுகிறவள், அந்தக் கேள்விக்கு அன்றைக்கு எதுவும் சொல்லாமல் மறுபடி மாடிக்குப் போய்விட்டேன். அப்போது சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

கௌரியம்மாவிலிருந்துதான் தொடங்க வேண்டும். 1919-இல் சேர்த்தலை வட்டத்தில் ஓர் ஈழவக் குடும்பத்தில் பிறந்து, சட்டம் படித்து, கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்து, சிறைக்குப் போனவர். லத்திக்குக் கருவைக் கொடுக்கும் சக்தி இருந்திருந்தால் தான் எத்தனையோ லத்திக் குழந்தைகளைப் பெற்றிருப்பேன் என்ற பொருளில் அவர் சொன்ன ஒரு பேச்சு கேரளத்தில் இன்றைக்கும் உலவுகிறது. தன் உடம்புக்கு நடந்ததை ஒரு பெண் பொதுமேடையில் அப்படிச் சொல்வதற்கு எவ்வளவு கோபம் வேண்டும் என்று நான் பலமுறை நினைத்திருக்கிறேன்.

1957 ஏப்ரல் 5-இல் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையில் கேரளத்தின் முதல் அமைச்சரவை பதவியேற்றது. பதினொரு பேரில் ஒரே பெண் கௌரி, வருவாய்த் துறை. ஆறே நாளில் குத்தகைதாரர்களை நிலத்திலிருந்து வெளியேற்றுவதைத் தடுக்கும் அவசரச் சட்டம் வந்தது. பிறகு நில உறவு மசோதா. அந்த மசோதாவும் கல்வி மசோதாவும் கிளப்பிய எதிர்ப்பைக் காரணமாகக் காட்டி 1959 ஜூலை 31-இல் மத்திய அரசு அந்த ஆட்சியையே கலைத்தது. 1967-இல் மறுபடி வருவாய் அமைச்சராகி, விட்ட இடத்திலிருந்து பிடித்தார். நிலச் சீர்திருத்தத் திருத்தச் சட்டம் 1969-இல் நிறைவேறி 1970 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. குடிகிடப்புக்காரர்கள் என்று அழைக்கப்பட்ட லட்சக்கணக்கான குடும்பங்களுக்குத் தங்கள் குடிசை நின்ற மண் சொந்தமானது. (அத்தைக்கு எதுவும் கிடைக்கவில்லை. தோட்டங்களுக்கு அந்தச் சட்டத்தில் விலக்கு இருந்தது. நில உச்சவரம்பு மலையடிவாரத்தோடு நின்றுவிட்டது. கௌரியம்மாவுக்காக அவள் கண் கலங்கியதை நினைத்தால் எனக்கு இது சேர்ந்தே நினைவு வருகிறது.)

அவருடைய மணவாழ்க்கையையும் கட்சிதான் எழுதியது. அதே அமைச்சரவையில் இருந்த டி.வி. தாமஸை 1957-இல் மணந்தார். 1964-இல் கட்சி உடைந்தது. அவர் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியிலேயே இருக்க, இவர் மார்க்சிஸ்ட் கட்சிக்குப் போனார். 1967 அமைச்சரவையில் இருவரும் இருந்தார்கள், வெவ்வேறு கட்சிகளின் அமைச்சர்களாக. பிறகு சேரவே இல்லை. கணவனைப் பின்பற்றிப் போவதுதான் பெண்ணின் அரசியல் என்று எல்லாரும் நம்பிய காலத்தில், தன் நிலைப்பாடு தன்னுடையது என்று ஒரு பெண் நின்றார். அந்த நிலைப்பாட்டுக்கு அவர் கொடுத்த விலைக்குக் கட்சி எந்தக் கணக்குப் புத்தகத்தில் பற்று வைத்தது?

1987 தேர்தல். தென்னை செழித்த கேரளத்தைக் கௌரி ஆள்வார் என்ற பொருளில் ஒரு முழக்கம் மாநிலமெங்கும் ஒலித்தது. எங்கள் லயத்துக்கும் அது வந்தது என்பாள் அத்தை. கூட வேலை பார்த்த பெண்கள் கூடையைத் தட்டி அதைப் பாடிக்கொண்டே மலையேறினார்களாம். இடது முன்னணி ஜெயித்தது. முதலமைச்சராக ஈ.கே. நாயனார் பதவியேற்றார். கௌரிக்குத் தொழில்துறை கொடுத்தார்கள். ஓட்டுக் கேட்க ஒரு பெயர், ஆட்சி செய்ய இன்னொரு பெயர். பெண் என்பதாலும் ஈழவர் என்பதாலும் தான் ஒதுக்கப்பட்டதாகப் பிற்காலத்தில் அவர் ஒளிக்காமல் பேசினார். 1994 ஜனவரி 1-இல், அவருடைய நிலச்சட்டம் நடைமுறைக்கு வந்து சரியாக இருபத்து நான்கு ஆண்டு நிறைந்த நாளில், கட்சி விரோதச் செயல்பாடு என்று சொல்லி அவரைக் கட்சியை விட்டே நீக்கினார்கள். பாலச்சந்திரன் சுள்ளிக்காடு அதையொட்டி 'கௌரி' என்று ஒரு கவிதை எழுதினார்.

நீக்கப்பட்ட பிறகு அவர் தனிக்கட்சி கண்டு காங்கிரஸ் கூட்டணிக்குப் போனதும், 2001 முதல் 2006 வரை அந்த அமைச்சரவையில் இருந்ததும் எனக்கு உவப்பானவை அல்ல. ஆனால் வீட்டைவிட்டு விரட்டப்பட்டவள் எந்தத் திண்ணையில் படுத்தாள் என்று கேட்கிறவர்கள், விரட்டியவனிடமும் ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும்.

1996-இல் என்ன நடந்தது என்று பாருங்கள். இடது முன்னணி மறுபடி ஜெயித்தது. முதல்வராவார் என்று எதிர்பார்க்கப்பட்ட வி.எஸ். அச்சுதானந்தன் மாராரிக்குளத்தில் தோற்றுப்போனார். அம்பலப்புழையில் ஜெயித்த சுசீலா கோபாலன் இருந்தார். மாநிலக் குழுவில் வாக்கெடுப்பு நடந்தது. மிகச் சொற்ப வித்தியாசத்தில் சுசீலா தோற்றார். முதல்வரானவர் அந்தத் தேர்தலில் போட்டியே போடாத நாயனார். சுசீலாவுக்குத் தொழில்துறை. ஒன்பது ஆண்டுக்கு முன் கௌரிக்குக் கொடுத்த அதே துறை.

இந்தியாவில் மேற்கு வங்கம், கேரளம், திரிபுரா என்று மூன்று மாநிலங்களைக் கம்யூனிஸ்ட்டுகள் ஆண்டிருக்கிறார்கள். ஒரு பெண்ணைக்கூட அவர்கள் முதல்வர் ஆக்கியதில்லை. நம் ஊர்த் திராவிடக் கட்சிகளைப் பார்த்துச் சிரிக்கும் தோழர்களிடம் இதைச் சொன்னால், பதவி முக்கியமில்லை தோழர் என்பார்கள். பதவியில் இருக்கிறவர்கள்தான் அதிகமும் அப்படிச் சொல்வார்கள்.

இனி வி.எஸ். கதை. கேரளக் கட்சியின் அதிகாரப் போட்டி என்றாலே எல்லாருக்கும் நினைவுக்கு வருவது வி.எஸ்.-பினராயி சண்டைதான். 2006-இல் வி.எஸ்.ஸுக்கு முதலில் சீட்டே இல்லை என்றார்கள். தெருவில் எழுந்த எதிர்ப்பைப் பார்த்துக் கொடுத்தார்கள். முதல்வரானார். 2007 மே மாதம் ஒருவரையொருவர் பகிரங்கமாகத் தாக்கிப் பேசியதற்காக முதலமைச்சர், மாநிலச் செயலாளர் இருவரையும் அரசியல் தலைமைக் குழுவிலிருந்து இடைநீக்கம் செய்தார்கள். ஆளும் கட்சியில் இப்படி வேறெங்கே நடந்திருக்கிறது? இருவரும் திரும்பச் சேர்க்கப்பட்டார்கள். 2009-இல் வி.எஸ். மட்டும் அந்தக் குழுவிலிருந்து இறக்கப்பட்டார். 2015 ஆலப்புழை மாநாட்டின் பாதியில் எழுந்து போனார். அப்போதும் கட்சி அவரை நீக்கவில்லை. 2025 ஜூலையில் அவர் இறந்தபோது வழியெங்கும் ஜனம் திரண்டு நின்றது. திருவனந்தபுரத்திலிருந்து ஆலப்புழைக்கு உடல் போய்ச் சேர ஏறக்குறைய ஒரு நாள் ஆனது.

இந்தச் சண்டைக்கு மலையாளத்தில் ஒரு சொல் உண்டு, விபாகீயத. நம் கோஷ்டிப் பூசல்தான், ஆனால் கொஞ்சம் படித்த சொல். பத்திரிகைகள் வி.எஸ். பட்சம், பினராயி பட்சம் என்று எழுதும். எந்த மாவட்டம் யார் பட்சம், எந்த மாநாட்டில் எந்தப் பட்சத்துக்கு எத்தனை ஓட்டு என்று கணக்கு வரும். நான் தேடிப் பார்த்தது வேறு. கௌரி பட்சம் என்று யாரேனும் எழுதியிருக்கிறார்களா? சுசீலா பட்சம்? டீச்சர் பட்சம்? என் கண்ணில் படவில்லை.

எனக்கு விளங்கியது அங்கேதான். பட்சம் என்பது கொள்கையால் மட்டும் கூடுவதில்லை. மாநாடு முடிந்த ராத்திரியில் லாட்ஜ் அறையில், பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில், ஒரே பைக்கில் இரண்டு பேர் போகும் வழியில் கூடுவது அது. யாருக்கு யார் கடன்பட்டிருக்கிறார்கள் என்ற கணக்கில் கூடுவது. அந்த நேரத்தில் பெண் தோழர் வீட்டில் மாவரைத்துக்கொண்டிருப்பார். இல்லையென்றால் அந்த நேரத்தில் அங்கே ஏன் இருந்தார் என்று அவரைப் பற்றிப் பேச்சு வரும். ஆக, பெண்ணுக்கு மக்கள் இருப்பார்கள், உழைப்பு இருக்கும், பேர் இருக்கும், பட்சம் இருக்காது. பட்சம் இருக்கிற ஆணோடு மோதினால் அது அரசியல் போராட்டம். பட்சம் இல்லாத பெண்ணை இறக்கினால் அது கட்சி ஒழுங்கு. அவளுடைய தோல்வி தோல்வியாகக்கூடப் பதிவாவதில்லை.

இன்னொரு விஷயம். 1987-இல் கௌரியை ஒதுக்கி நாயனாரை முதல்வராக்கியபோது கட்சியின் மாநிலச் செயலாளர் யார்? வி.எஸ். அச்சுதானந்தன். பின்னாளில் கட்சிக்குள் அநீதிக்கு எதிராக நின்ற கிழட்டுச் சிங்கம் என்று நாமெல்லாம் கொண்டாடிய அதே வி.எஸ். இதை அத்தையிடம் சொன்னபோது அவள் நம்பவில்லை. "இருக்காது" என்று எழுந்து போய்விட்டாள்.

அவள் எழுந்து போனதற்குக் காரணம் இருக்கிறது. 2015 செப்டம்பரில் மூணாறில் போனஸை இருபது சதவீதத்திலிருந்து பத்தாகக் குறைத்தார்கள். தினக்கூலி அப்போது 232 ரூபாய். ஆயிரக்கணக்கான பெண்கள் தோட்டத்திலிருந்து இறங்கி வந்து சாலையில் உட்கார்ந்தார்கள். அது கொச்சியிலிருந்து தனுஷ்கோடிக்குப் போகும் தேசிய நெடுஞ்சாலை. போடி, தேனி, உசிலம்பட்டி, மதுரை என்று நம் ஊர்ப்பக்கம் வருவதும் அதே சாலைதான். பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், பெரும்பாலும் தலித் பெண்கள். பெம்பிளை ஒருமை என்று அந்தத் திரளுக்குப் பெயர் வந்தது. கம்பெனியை எதிர்த்த அதே வேகத்தில் எல்லாக் கட்சித் தொழிற்சங்கங்களையும் எதிர்த்தார்கள். உழைப்பது நாங்கள், அனுபவிப்பது நீங்களா என்று சங்கத் தலைவர்களைக் கேட்டார்கள். கிட்டே வந்தவர்களைத் துரத்தினார்கள். அத்தையும் துரத்தினாள். "நாப்பது வருசமா சந்தா கட்டுன கோவம்டி" என்பாள். அந்தப் பெண்கள் பக்கத்தில் உட்கார மனசார இடம் கொடுத்த தலைவர் வி.எஸ். தொண்ணூறைத் தாண்டிய வயதில் வந்து அவர்களோடு உட்கார்ந்தார். அன்றைக்கே, போராட்டத்தின் ஒன்பதாம் நாளில், போனஸ் 8.33 சதவீதம், கருணைத் தொகை 11.67 சதவீதம், ஆக இருபது என்று முடிவானது.

அத்தையின் வி.எஸ். அவர். என்னுடைய வி.எஸ். 1987-இன் செயலாளரும்தான். ஓர் ஆளுக்குள் இரண்டுமே இருந்தன. அவளிடம் நான் அதற்கு மேல் வாதிடவில்லை.

ஒன்றரை ஆண்டு கழித்து, 2017-இல், ஆளும் கட்சி அமைச்சராக இருந்த எம்.எம். மணி அந்தப் பெண்களைப் பற்றிக் கேவலமாகப் பேசியதாகப் பெரிய கொந்தளிப்பு. போராட்டத் தலைவிகளில் ஒருவரான கோமதி மூணாறு வீதியில் உண்ணாவிரதம் இருந்தார். தன் பேச்சு திரிக்கப்பட்டது என்றார் மணி. கட்சி அவரைக் கண்டித்தது. அவர் அமைச்சராகத் தொடர்ந்தார். கண்டனத்துக்கும் நீக்கத்துக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பது ஆளைப் பொறுத்தது போலிருக்கிறது.

நியாயமாகச் சொல்ல வேண்டும். 2021-இல் முதல்வரைத் தவிர, முந்தைய அமைச்சரவையில் இருந்த கட்சியின் அமைச்சர் ஒருவருக்கும் இடமில்லை. ஏறக்குறைய எல்லாரும் புதுமுகங்கள். தாமஸ் ஐசக், ஜி. சுதாகரன் போன்றவர்களுக்குத் தேர்தலில் நிற்கவே வாய்ப்புத் தரவில்லை. ஆர். பிந்து, வீணா ஜார்ஜ் என்று இரண்டு பெண்களை அமைச்சராக்கினார்கள், சுகாதாரத் துறையே வீணா ஜார்ஜுக்குத்தான் போனது. எனவே இது சைலஜாவுக்கு மட்டும் நடந்ததல்ல என்பது சரி. ஆனால் ஒரே ஒருவருக்கு மட்டும் விதி பொருந்தாதபோது, அந்த விதி யாரை உத்தேசித்தது என்ற சந்தேகம் வரத்தான் செய்யும். சைலஜாவைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று நடிகைகளும் எழுத்தாளர்களும் சமூக ஊடகங்களில் எழுதினார்கள். சைலஜா என்ன சொன்னார்? கட்சியின் முடிவு, புதியவர்கள் வரட்டும் என்றார். 2022-இல் மகசேசே விருது தேடி வந்தபோதும் கட்சியோடு பேசி வேண்டாம் என்றார். சிரித்த முகமாகத்தான் சொன்னார். அந்தச் சிரிப்பை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். அதில் கட்டுப்பாடு இருக்கிறதா, காயம் இருக்கிறதா, இரண்டும் ஒன்றுதானா என்று பிடிபடவில்லை.

2025 ஏப்ரலில் மார்க்சிஸ்ட் கட்சியின் 24-ஆவது அகில இந்திய மாநாடு மதுரைத் தமுக்கத்தில் நடந்தது. டீச்சரைத் தூரத்திலிருந்தாவது பார்க்கலாம் என்று அத்தை வந்தாள். தல்லாகுளம் வரை கொடிகளும் வளைவுகளும் பார்த்தோம், டீச்சரைப் பார்க்க முடியவில்லை. இளநீர் குடித்துவிட்டுத் திரும்பினோம். எழுபத்தைந்து வயது வரம்பின்படி பிருந்தா காரத்தும் சுபாஷிணி அலியும் அரசியல் தலைமைக் குழுவிலிருந்து விலகினார்கள். எழுபத்தைந்தைத் தாண்டிய பினராயிக்கு முதலமைச்சர் என்பதால் விலக்கு. நம் உ. வாசுகியும் மரியம் தாவ்லேயும் உள்ளே போனார்கள். பதினெட்டுப் பேரில் இரண்டு பெண்கள். வில்லாபுரத்தில் தண்ணீருக்காகப் போராடி 1997-இல் பட்டப்பகலில் வெட்டப்பட்ட கவுன்சிலர் லீலாவதியின் ஊர் இது. உயிரைக் கொடுக்கும் இடத்தில் பெண்களுக்கு யாரும் வரம்பு வைப்பதில்லை.

திரும்பும் பஸ்ஸில், திருமங்கலம் தாண்டியதும், அத்தையிடம் என் கதையைச் சொன்னேன். நான்கு வருஷமாக யாரிடமும் சொல்லாதது.

ஆசிரியர்களுக்கான ஓர் அமைப்பில் ஒன்பது ஆண்டு வேலை பார்த்தேன். சந்தா வசூல், சுற்றறிக்கை, வாயிற்கூட்டம், தலைவர்களின் பேச்சைத் தமிழாக்கும் வேலை, எல்லாம். அந்த முறை செயலாளர் பொறுப்புக்கு என் பெயர் என்று பேசி வைத்திருந்தார்கள். கூட்டத்துக்கு முந்தின ராத்திரி பட்டியல் மாறிவிட்டது. எங்கே கூடினார்கள், யார் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. காலையில் ஒரு மூத்தவர் ஓரமாகக் கூப்பிட்டார். "நீங்க கவிஞர்மா. இந்தக் கணக்கு வழக்கு, கோர்ட் அலைச்சல் எல்லாம் உங்களுக்கு எதுக்கு? இந்தத் தடவை விட்டுக்கொடுங்க. நீங்களே அவர் பேரை முன்மொழிஞ்சா நல்லாயிருக்கும்."

"முன்மொழிஞ்சியா?"

"முன்மொழிஞ்சேன்."

"கைதட்டுனாகளா?"

"நானும் தட்டுனேன் அத்தே."

அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அறுவடை முடிந்த சோளக்காடு ஓடிக்கொண்டிருந்தது. டி. கல்லுப்பட்டி வரை ஒன்றும் பேசவில்லை. பஸ் அங்கே நின்றபோது கேட்டாள்.

"ஒங்க சங்கத்துல பொம்பளைக எத்தனை பேரு?"

"பாதிக்கும் மேல இருப்பாங்க."

"முந்தின நாள் ராத்திரி அவுகள்ல எத்தனை பேருக்கு நீ போன் போட்ட?"

கண்டக்டர் பேரையூர் டிக்கெட் யாருக்கு என்று கேட்டுக்கொண்டு வந்தார். கையை உயர்த்திவிட்டு மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். ஒருத்திக்கும் போடவில்லை.